செவ்வியல் நாவல்களில் இடமும் பொருளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பெருநாவல்களைப் படிக்கத் தொடங்கும் பலர் அறை வர்ணனை, தெரு வர்ணனை, உடை வர்ணனை வரும் பக்கங்களைத் தாண்டிவிட்டுக் கதைக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பக்கங்களிலும் கதை நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பிடிப்பதற்கான வழிகள் இங்கே கேள்வி பதிலாக உள்ளன. எடுத்துக்காட்டுக்காகச் சில நாவல்களின் முடிவுகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாவலில் வரும் எல்லாப் பொருளுக்கும் உள்ளர்த்தம் உண்டா?

இல்லை. பெரும்பாலான பொருள்கள் அந்த உலகத்தை நம்பவைப்பதற்காக மட்டுமே வருகின்றன. ஃப்ளோபேரின் 'ஓர் எளிய இதயம்' என்ற கதையில் ஒரு வரவேற்பறை வருகிறது. அங்கே ஒரு பழைய பியானோ, அதன்மேல் குவிந்து கிடக்கும் பெட்டிகள், மேலே ஒரு பாரோமீட்டர் (காற்றழுத்தமானி). பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1968இல் எழுதிய கட்டுரையில் இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தார். பியானோ வீட்டுக்காரர்களின் வர்க்கத்தைச் சொல்கிறது. பெட்டிக் குவியல் வீட்டின் ஒழுங்கின்மையைச் சொல்கிறது. பாரோமீட்டர் அப்படி எதையும் சொல்வதில்லை, 'இது நிஜ வீடு' என்ற உணர்வை மட்டும் தருகிறது என்பது அவர் வாதம். ஒவ்வொரு விளக்கையும் குடையையும் குறியீடாக்கப் பார்க்கும் வாசகர் முதலில் இந்த பாரோமீட்டரை நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் எதைக் கவனிப்பது?

நான்கு அடையாளங்கள் உதவும். பொருள் திரும்ப வருகிறதா? ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறதா? யாராவது அதை ஒளிக்கிறார்களா, அழிக்கிறார்களா? ஒரு முக்கியமான செயலை அது தடுக்கிறதா, தாமதப்படுத்துகிறதா? இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் பென்சிலை எடுக்கலாம்.

டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் வரும் அரத்தைப் பாருங்கள். தப்பியோடிய கைதி மிரட்டியதால் சிறுவன் பிப் தன் அக்காள் கணவர் ஜோவின் கொல்லுப்பட்டறையிலிருந்து ஒரு அரத்தைத் திருடிக் கொடுக்கிறான். கைதி அதைக் கொண்டு கால்விலங்கை அறுக்கிறான். சில ஆண்டுகள் கழித்து மதுக்கடையில் முன்பின் தெரியாத ஒருவன் தன் ரம்மை ஓர் அரத்தால் கலக்குகிறான், பிப்புக்கு மட்டும் தெரியும்படி. பிறகு பிப்பின் அக்காள் வீட்டுக்குள்ளேயே தாக்கப்பட்டு வீழ்ந்து கிடக்கிறாள். பக்கத்தில் கிடப்பது அரத்தால் அறுக்கப்பட்ட ஒரு கால்விலங்கு. ஆயுதத்தைத் தானே தயாரித்துக் கொடுத்ததுபோல் பிப் துடிக்கிறான். அவன் குற்ற உணர்வைப் பற்றி நீண்ட விளக்கம் எதுவும் தேவைப்படாமல் ஒரு பட்டறைக் கருவி அதைச் சுமந்துவருகிறது.

நான்காவது அடையாளத்துக்கு டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'. மாஸ்கோவிலிருந்து கிளம்பும் அன்னா ஒரு சிறிய சிவப்புக் கைப்பையில் சாமான்களை அடுக்குகிறாள். ரயிலில் அதே பையைத் திறந்து பொருள்களை எடுக்கிறாள். ஏறக்குறைய நாவல் முழுவதும் கடந்தபின், கடைசியில் ரயிலின் முன் விழப்போகும்போது கையிலிருந்து அந்தப் பையைக் கழற்ற நேரமாகிவிடுகிறது. முதல் பெட்டி கடந்துபோகிறது, அவள் அடுத்த பெட்டிக்காகக் காத்திருக்க நேர்கிறது. பையை வீசிவிட்டு விழுகிறாள். பயணத்துக்கு எடுத்துவைத்த பையே அவளைச் சில நொடிகள் உயிரோடு பிடித்து வைக்கிறது. முதல் முறை பையைப் பார்த்தபோது யாரும் இதை எதிர்பார்க்க முடியாது. இரண்டாம் வாசிப்பில் அந்தப் பை கண்ணில் பட்டதுமே மனம் கனத்துவிடும்.

ஒரு வீட்டை எப்படி வாசிப்பது?

ஒரு தாளில் வரைபடம் போடுங்கள். எத்தனை மாடி, எந்தப் பக்கம் வாசல், யார் எந்த அறையில், எந்தக் கதவு எப்போதும் பூட்டியிருக்கிறது என்று குறியுங்கள். பிறகு மூன்றைக் கேளுங்கள்: யார் பணம் கட்டுகிறார்கள்? யார் எங்கே போக அனுமதி இல்லை? வெளிச்சமும் சூடும் யாருக்குக் கிடைக்கின்றன?

இதற்கு பால்சாக்கின் 'தந்தை கோரியோ' (1835) மிகச் சிறந்த பயிற்சி. பாரிஸில் வோக்கேர் என்ற பெண்மணியின் விடுதி. மின்தூக்கி இல்லாத காலம். மேலே ஏற ஏற வாடகை குறையும். சேமியா வியாபாரத்தில் சம்பாதித்து ஓய்வுபெற்ற கோரியோ 1813இல் முதல் மாடியில் ஆண்டுக்கு 1,200 ஃபிராங்குக்கு வந்து சேர்கிறார். இரண்டாம் ஆண்டின் முடிவில் இரண்டாம் மாடிக்கு, 900 ஃபிராங்குக்கு. அதன்பின் மூன்றாம் மாடிக்கு, மாதம் 45 ஃபிராங்குக்கு. உடல் மேலே போகிறது, நிலை கீழே போகிறது. கூடவே வெள்ளிப் பாத்திரங்கள் மறைகின்றன; ஒரு நாள் இரவு அவர் தன் வெள்ளிப் பாத்திரத்தை முறுக்கிக் கட்டியாக்குவதைச் சாவித்துவாரம் வழியாக ஒரு மாணவன் பார்க்கிறான். பணமெல்லாம் இரண்டு மகள்களுக்குப் போகிறது என்பது பிறகுதான் தெரியவருகிறது. தந்தையின் தியாகம் என்று நாம் ஒரு சொல்லில் சொல்வதை பால்சாக் மாடிக் கணக்காகவும் வாடகைக் கணக்காகவும் எழுதியிருக்கிறார். எண்களைத் தாண்டிப் படித்தவருக்கு நாவலின் முதுகெலும்பே தவறிப்போகும்.

தஸ்தாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' (1866) வேறு விதம். நாயகன் ரஸ்கோல்னிகோவின் அறை ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருக்கிறது. நீளம் ஆறு தப்படி, உயரமும் குறைவு, அறை என்பதைவிட அலமாரி என்று சொல்லத்தக்கது. அங்கிருந்து வட்டிக்குக் கொடுக்கும் கிழவியின் வீட்டுக்குச் சரியாக 730 தப்படிகள். எண்ணி வைத்திருக்கிறான் என்பதிலேயே எத்தனை நாளாக அவளைக் கொல்லும் எண்ணம் அவனுக்குள் ஊறியிருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. பிறகு அவன் தேடிப்போகும் சோனியா என்ற பெண்ணின் அறையோ பெரியது, ஆனால் கோணலானது: கால்வாயைப் பார்த்த சுவர் சரிவாகப் போவதால் ஒரு மூலை மிகக் கூர்மையாகவும் எதிர் மூலை அளவுக்கு மீறி அகன்றும் இருக்கின்றன. செங்கோணமில்லாத அந்த அறையில்தான் அவன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான்.

ஜன்னலும் கதவும் ஏன் இத்தனை முறை வருகின்றன?

உள்ளே, வெளியே என்ற பிரிவை அவை கண்ணால் காணும்படி செய்கின்றன. எமிலி பிராண்டியின் 'உதரிங் ஹைட்ஸ்' (1847) நாவலின் ஜன்னல்களை மட்டும் தொடர்ந்து பாருங்கள். சிறுவயதில் கேத்தரினும் ஹீத்கிளிஃப்பும் பக்கத்துப் பெரிய வீட்டின் ஜன்னல் வழியாகச் செந்நிறக் கம்பளத்தையும் பொன்விளிம்பிட்ட கூரையையும் எட்டிப் பார்க்கிறார்கள். நாய் கடித்ததால் அவளை உள்ளே எடுத்துக்கொள்கிறார்கள், அவனை வெளியே துரத்துகிறார்கள். இருவரின் வாழ்க்கையும் பிரிவது அந்தக் கண்ணாடியில்தான். வருடங்கள் கழித்து அவளுடைய பழைய பலகைப் படுக்கையில் தூங்கும் விருந்தாளியின் கனவில் அவள் ஆவி ஜன்னல் வழியே உள்ளே வரக் கெஞ்சுகிறது. இறுதியில் அதே படுக்கையில் ஹீத்கிளிஃப் இறந்து கிடக்கும்போது ஜன்னல் திறந்திருக்கிறது, மழை அவன் முகத்தை நனைத்திருக்கிறது. நாவலின் அமைப்பு எவ்வளவு கறாரானது என்பதற்கு இந்த ஒரு சரடே போதும்.

மழை பெய்தால் சோகம், வெயில் அடித்தால் மகிழ்ச்சி என்று கொள்ளலாமா?

வேண்டாம். அந்த வானிலை கதையில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' (1813) நாவலில் திருமதி பென்னட் மழை வரும்போலிருக்கிறது என்பதற்காகவே மூத்த மகளை வண்டியில் அனுப்பாமல் குதிரையில் அனுப்புகிறாள். நனைந்தால் பணக்கார இளைஞன் பிங்லியின் வீட்டிலேயே தங்கவேண்டி வருமே என்ற கணக்கு. அங்கே மழை ஒரு தாயின் திட்டம்.

அடுத்து நடப்பது இன்னும் நுட்பமானது. காய்ச்சலில் படுத்த அக்காளைப் பார்க்க எலிசபெத் மூன்று மைல் சேற்றில் நடந்து போகிறாள். உள்பாவாடையில் ஆறு அங்குலத்துக்குச் சேறு. பிங்லியின் சகோதரிகளுக்கு அது அநாகரிகம். பிங்லிக்கு அது அக்காள்மீதுள்ள பாசம். பிங்லியின் நண்பன் டார்சியோ, நடையினால் அவள் கண்கள் ஒளி பெற்றிருந்தன என்கிறான். சேறு ஒன்றுதான், பார்ப்பவர் ஒவ்வொருவரும் தம்மையே காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரே பொருளுக்கு இரண்டு வாசகர்கள் இரண்டு அர்த்தம் சொன்னால் யார் சரி?

இந்தக் கேள்வியை மெல்வில் நாவலுக்குள்ளேயே எழுப்பிவிட்டார். 'மோபி டிக்' (1851) நாவலில் வெள்ளைத் திமிங்கலத்தை முதலில் பார்ப்பவனுக்குப் பரிசு என்று கேப்டன் ஆஹாப் பாய்மரத்தில் ஒரு தங்க நாணயத்தை ஆணி அடித்து மாட்டுகிறான். 99ஆம் அத்தியாயத்தில் கப்பலில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக அதன்முன் வந்து நிற்கிறார்கள். நாணயத்தில் உள்ள கோபுரம், எரிமலை, சேவல் மூன்றும் தான்தான் என்கிறான் ஆஹாப். பக்தியுள்ள ஸ்டார்பக் அதில் திரித்துவத்தைக் காண்கிறான். ஸ்டப் பஞ்சாங்கத்தை எடுத்து ராசிகளைப் பொருத்துகிறான். ஃபிளாஸ்க்குக்கு அது 16 டாலர், சுருட்டு இரண்டு சென்ட் என்றால் 960 சுருட்டு. (கணக்குப்படி 800தான் வர வேண்டும்.)

எல்லா விளக்கமும் சரி என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. ஒரு விளக்கம் செல்லுமா என்று பார்க்க எளிய சோதனை உண்டு: அந்தப் பொருள் நாவலில் வரும் எல்லா இடங்களுக்கும் அது பொருந்துகிறதா? ஒரே இடத்துக்கு மட்டும் பொருந்தினால் அது அந்தப் பாத்திரத்தின் பார்வையாகவோ நம் சொந்தக் கற்பனையாகவோ இருக்கும்.

நிறங்களுக்குப் பொதுவான அர்த்தப் பட்டியல் இருக்கிறதா?

அப்படி ஒரு பட்டியலை நம்புவதுதான் வகுப்பறைகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு. கறுப்பு துக்கம் என்று எழுதிவைத்துக்கொண்டு 'அன்னா கரீனினா'வின் நடனக் காட்சிக்குப் போனால் காட்சியே புரியாது. அன்னா ஊதா உடையில் வருவாள் என்று கிட்டி என்ற இளம்பெண் எதிர்பார்த்திருக்கிறாள். அவள் கறுப்பு வெல்வெட்டில் நிற்கிறாள். அந்தக் கணத்தில் கிட்டிக்குப் புரிவது இதுதான்: அந்த உடை வெறும் சட்டகம், கண்ணில் படுவது அன்னா மட்டுமே.

நிறத்துக்கான அர்த்தத்தை அந்தந்த நூலுக்குள்ளிருந்தே சேகரிக்க வேண்டும். 'குற்றமும் தண்டனையும்' நாவலில் மஞ்சளைத் தேடுங்கள். ரஸ்கோல்னிகோவின் அறைச் சுவர்த்தாள் மஞ்சள், வட்டிக்காரக் கிழவியின் அறையில் மஞ்சள், சோனியாவின் அறையில் மங்கிய மஞ்சள், பாலியல் தொழிலுக்காக அவளுக்குத் தரப்பட்ட அனுமதிச் சீட்டும் மஞ்சள். கொன்றவன், கொல்லப்பட்டவள், மீட்பவள் மூவரையும் ஒரே நோய்நிறம் சூழ்ந்திருக்கிறது. அந்த நூலில் மட்டும்.

அந்தக் காலத்துப் பொருள்கள் எனக்குத் தெரியாது. என்ன செய்வது?

ஒவ்வொன்றையும் தேட வேண்டாம், கதையில் யாராவது கையில் எடுக்கும் பொருளை மட்டும் தேடுங்கள். அது எதனால் ஆனது, யார் பயன்படுத்துவார்கள், ஒரு வேலையாளின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் என்ன விலை என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.

மெழுகுவர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழை வீடுகளில் எரிந்தது மாட்டுக் கொழுப்பிலோ ஆட்டுக் கொழுப்பிலோ செய்த வர்த்தி. புகையும், நாறும், அடிக்கடி திரியை நறுக்கிவிட வேண்டும். தேன்மெழுகு வர்த்தி சுத்தமாக எரியும், விலை பல மடங்கு. ஆகவே ஒரு பாத்திரம் எந்த வர்த்தியை ஏற்றுகிறது என்பதே அதன் வருமானச் சான்றிதழ்.

இன்னொன்று, காகிதக் கத்தி. அன்னா ரயிலில் விளக்கையும் ஆங்கில நாவலையும் எடுத்து, கூடவே ஒரு சிறு கத்தியையும் எடுக்கிறாள். அன்று பல புத்தகங்கள் மடிப்பு வெட்டப்படாத தாள்களோடு விற்பனைக்கு வந்தன. படிக்கப் படிக்க வாசகரே ஓரத்தை வெட்டிக்கொள்ள வேண்டும். வாசிப்பில் மனம் ஒன்றாமல் அவள் அந்தக் கத்தியை ஜன்னல் கண்ணாடியில் இழுத்துவிட்டு அதன் குளிர்ந்த பரப்பைக் கன்னத்தில் வைத்துக்கொள்கிறாள், காரணம் தெரியாத மகிழ்ச்சியில் சிரிப்பு வருகிறது. பக்கத்தைத் திறக்க வேண்டிய கருவி உடலைத் தொடும் கருவியாகிவிட்டது. கத்தி எதற்கு என்று தெரியாதவருக்கு இந்த மாற்றம் கண்ணில் படாது.

ஆசிரியர் இதையெல்லாம் நினைத்துத்தான் எழுதினாரா?

நாவலில் ஓர் ஒழுங்கு திரும்பத் திரும்பக் காணப்பட்டால் ஆசிரியரின் மனதைத் தோண்ட வேண்டிய அவசியமில்லை. ஆயினும் எழுதிய சூழல் பல நேரம் உதவும். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வாரத் தொடராக வந்தது. மாதங்களுக்குமுன் படித்த மனிதரை வாசகர் உடனே அடையாளம் காண ஒரு பொருள் கைகொடுக்கும்: அரம், நின்ற கடிகாரம். ஃப்ளோபேர் 'மேடம் பொவாரி'யை எழுத ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அந்த நாவலில் ஒரு பூச்செண்டு தற்செயலாக இரண்டு முறை வந்துவிட்டது என்று வாதிடுவது கடினம்.

குறிப்பெடுக்க நடைமுறையான வழி என்ன?

முதல் வாசிப்பில் ஓரத்தில் பென்சில் கோடு மட்டும். நின்று யோசிக்காதீர்கள், கதை உங்களை இழுத்துச்செல்லட்டும். முடித்த கையோடு மனதில் தங்கிய பொருள்களை எழுதுங்கள், மூன்றுக்குமேல் வேண்டாம். இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஐந்து நெடுவரிசைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: அத்தியாயம், யார் கையில், எந்த நிலையில் (புதிது, உடைந்தது, மங்கியது), என்ன செய்யப்படுகிறது, யார் பார்க்கிறார். மூன்று பதிவுகூடத் தேறாத பொருளை விட்டுவிடலாம்.

'மேடம் பொவாரி'யின் மணப்பெண் பூச்செண்டுக்கு இந்தப் பட்டியல் இப்படி அமையும். எம்மா புதுமணப்பெண்ணாக வீட்டுக்குள் வருகிறாள். மேசையில் கணவனின் இறந்துபோன முதல் மனைவியின் பூச்செண்டு இருக்கிறது. சார்ல் அதை எடுத்துப் பரணுக்குக் கொண்டுபோகிறான். தான் செத்தால் தன் பூச்செண்டை என்ன செய்வார்கள் என்று எம்மா யோசிக்கிறாள். பிறகு ஊர் மாற்றத்துக்காக இழுப்பறையை ஒழுங்குபடுத்தும்போது அவளுடைய சொந்தப் பூச்செண்டின் கம்பி விரலில் குத்துகிறது. மஞ்சளடித்துப்போன அதை நெருப்பில் போட்டு, எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உடனே அடுத்து, மார்ச்சில் அந்த ஊரைவிட்டுப் போகும்போது அவள் கர்ப்பமாக இருந்தாள் என்ற செய்தியோடு முதல் பாகம் முடிகிறது. பட்டியலில் இவை ஒன்றின்கீழ் ஒன்றாக விழும்போதே கட்டுரைக்கான வாதம் கிடைத்துவிடும்.

கட்டுரையில் எப்படி எழுதினால் நன்றாக இருக்கும்?

'நின்ற கடிகாரம் உறைந்த காலத்தைக் குறிக்கிறது' என்று எழுதி நிறுத்திவிடுவதுதான் வழக்கமான கோளாறு. தவறான வாக்கியம் இல்லை, ஆனால் நாவலைப் படிக்காமலே எழுதிவிடலாம். பொருளின் நிலையையும் அதற்கு எதிராக நிற்கும் இன்னொரு பொருளையும் சேர்த்தால் வாதம் உயிர்பெறும்.

'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் மிஸ் ஹாவிஷாம் வீட்டில் கடிகாரங்கள் எல்லாம் எட்டு மணி நாற்பது நிமிடத்தில் நிற்கின்றன. அவளைக் கைவிட்டு மணமகன் எழுதிய கடிதம் அவள் கைக்கு வந்த நேரம் அது. ஒரு காலில் மட்டும் செருப்பு, மற்றது மேசைமேல். நேரத்தை நிறுத்திவிட்டதாக அவள் நினைக்கிறாள். ஆனால் வெள்ளை மண உடை மஞ்சளாகிவிட்டது, திருமணக் கேக்கில் சிலந்திகள் குடியேறிவிட்டன. கடிகாரம் சொல்வதைக் கேக் மறுக்கிறது. அவளால் நிறுத்த முடிந்தது முட்களை மட்டுமே என்று எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும், நாவலுக்கும் நியாயம் செய்ததாகும்.

ஓர் இடமே நாவலின் முதன்மைப் பாத்திரமாக இருக்க முடியுமா?

முடியும். தமிழில் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) இதற்கு நிகரற்ற உதாரணம். மரம் யாருக்கும் எதையும் செய்வதில்லை, நின்ற இடத்தில் நிற்கிறது. அதைச் சுற்றிக் குளம் போய்ச் சாலைச் சந்திப்பு வருகிறது, கடைகள் வருகின்றன, அரசியல் வருகிறது, மனிதர்களின் போட்டியில் மரம் அழிகிறது. இப்படிப்பட்ட நாவலில் பொருளின் இயக்கத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்; அசையாத ஒன்றைச் சுற்றி எவை மாறின என்று கால வரிசையில் எழுத வேண்டும்.

சுருக்கப் பதிப்பிலோ திரைப்படத்திலோ இவற்றைப் பார்க்கலாமா?

சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது வர்ணனை. பூச்செண்டு ஓரிடத்தில் நீங்கினாலும் சரடு அறுந்துவிடும். படம் பார்த்தவர்கள் படத்தில் மட்டும் உள்ள பொருளை நூலில் இருப்பதாக எழுதுவதும் உண்டு. அத்தியாய எண்ணைக் குறித்துக்கொண்டால் இந்தப் பிழை நேராது.

எந்த நூலில் தொடங்குவது?

'மேடம் பொவாரி'யின் முதல் பாகம். ஒன்பது அத்தியாயங்கள்தான். முதல் அத்தியாயத்தில் பள்ளிக்கு வரும் சிறுவன் சார்லின் விநோதமான தொப்பியை ஃப்ளோபேர் பாகம் பாகமாக வர்ணிக்கிறார், அங்கே மெதுவாகப் படியுங்கள். பூச்செண்டின் பதிவுகள் மேலே இருப்பதால் மூன்றாவதாக வரும் பொருளை நீங்களே தொடரலாம். எட்டாம் அத்தியாயத்தில் பிரபுவின் மாளிகை விருந்து முடிந்து திரும்பும் வழியில் சார்ல் சாலையில் ஒரு பச்சைப் பட்டுச் சுருட்டு உறையைக் கண்டெடுக்கிறான். ஒன்பதாம் அத்தியாயத்தின் முதல் வரியில் அது எம்மாவின் அலமாரியில், துணி மடிப்புகளுக்கு இடையே இருக்கிறது. உங்கள் பட்டியலை அங்கிருந்து தொடங்கலாம்.